விற்ற வண்டிக்கு வந்த கடுதாசி

கடுதாசி எங்க பேருக்குத்தான் வந்திருந்தது. ஆனா வண்டி இப்ப எங்களோடது இல்ல. வித்து ஒரு மாசம் ஆகப்போகுது. வாங்கின கார்வினும் டெஸ்ஸும் இன்னும் பேர் மாத்தல. வீட்டைக் காலி பண்ணிட்டு, அஞ்சு வயசுப் பொண்ணோட அந்த மோட்டார்ஹோம்லயே, சமையலும் படுக்கையும் உள்ளயே இருக்கிற வண்டியில, குடியிருக்கக் கிளம்பினவங்க அவங்க. நிலையா ஒரு விலாசம் கிடையாது. அதனால கம்பெனி பழைய விலாசத்துக்கே, ராப்பிட் சிட்டியில எங்க வீட்டுக்கு, அனுப்பிடுச்சு.

என் வீட்டுக்காரர் வெர்லினுக்குக் கண்ணுல நடுப்பார்வை போயிடுச்சு, ஓரத்துல மட்டும் மங்கலாத் தெரியும். வண்டிய வித்ததே அதனாலதான். அதனால மத்தியானச் சாப்பாட்டுல நான்தான் கடுதாசிய வாசிச்சேன். ஸ்டீயரிங் கம்பிய சக்கரத்தோட இணைக்கிற இடத்துல ஒரு போல்ட் சரியா முறுக்கப்படல, ஓட ஓட கழண்டு விழலாம், விழுந்தா ஸ்டீயரிங் சுத்தும் ஆனா சக்கரம் திரும்பாது, சரிபண்ற வரைக்கும் வண்டிய எடுக்கவே கூடாதுன்னு போட்டிருந்தது.

"மறுபடி படி, ஆர்லிஸ்"ன்னார். படிச்சேன். சூப்பு ஸ்பூன வச்சிட்டு ஃபோனத் தடவி எடுத்தார்.

ஃபோன் போகல. போகாதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். அவங்க எங்க நம்பரைத் தடுத்து வச்சிருந்தாங்க, அவருதையும் என்னுதையும்.

அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். வித்த மறுநாளே இவர் கூப்பிட ஆரம்பிச்சிட்டார். படிக்கு எண்ணெய் விட்டீங்களா, ஃப்ரிட்ஜ் கதவ ரெண்டு தரம் அழுத்தணும், மலை ஏறும்போது தண்ணித் தொட்டிய ரொப்பாதீங்க. பாவம் அந்தப் பிள்ளைங்க, முதல்ல சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சுங்க. அப்புறம் ஒரு நாள் இவர், காஸ் அடுப்புக் குழாய் கசியும்னு எனக்கு சந்தேகமா இருக்கு, உடனே திருப்பிக்கிட்டு வாங்க, நான் பாக்கிறேன்னு சொல்லிட்டார். பயந்துபோய், பிள்ளையத் தூக்கிக்கிட்டு, அரை நாள் ஓட்டித் திரும்பி வந்தாங்க. குழாய்ல ஒண்ணுமில்ல. வெர்லின் டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து, ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு, இறங்கவே மாட்டேன்னுட்டார். டெஸ்ஸுக்கு அப்பதான் புரிஞ்சது. மரியாதையாத்தான் சொன்னா, இது இப்ப எங்க வீடு சார், இனிமே கூப்பிடாதீங்கன்னு. அன்னைக்கே தடுத்துட்டாங்க.

பக்கத்து வீட்டு பெவ்கிட்ட ஃபோன் வாங்கிட்டு வந்தேன். அதுல கூப்பிட்டா மணியே அடிக்கல, சிக்னல் இல்லாத இடம். வெர்லின் கணக்குல, இந்த மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்க எல்லாரும் இருக்கிற குழுப் பக்கத்தத் திறந்தேன். காலையில டெஸ் போட்ட படம் இருந்தது. அவங்க பொண்ணு ஜூனி ஒரு மரக்கரடி சிலையக் கட்டிப்பிடிச்சு நிக்குது. கீழ எழுதியிருந்தா, சாப்பிட்டுட்டு 14A ரோட்டுல கீழ லவெல் ஊருக்கு இறங்கப் போறோம்னு.

வாசிச்சுக் காட்டினதும் வெர்லின் முகம் செத்துப்போச்சு. பிக்ஹார்ன் மலையிலயே மோசமான இறக்கம் அது. நாங்க ஒரே ஒரு தரம் அதுல போனோம். கீழ வந்து சேர்ந்ததும் இவர் ஸ்டீயரிங்கப் பிடிச்ச விரல விரிக்க முடியாம காப்பிக் கப்ப என்னைப் பிடிக்கச் சொன்னார்.

அந்தப் படத்துக்குக் கீழயே எழுதினேன். இறங்காதீங்க, கம்பெனியிலிருந்து ரீகால் கடுதாசி வந்திருக்கு, ஸ்டீயரிங் போயிடும்னு. கடுதாசியப் படம் பிடிச்சுப் போடத் தெரியாம தடுமாறிக்கிட்டிருக்கும்போதே யாரோ ஒரு ஆள் பதில் போட்டுட்டான்: "என்ன வெர்லின், காஸ் முடிஞ்சு இப்ப ஸ்டீயரிங்கா? அடுத்து என்ன, வண்டிக்குள்ள பேயா?" அதுக்குக் கீழ வரிசையா சிரிக்கிற மூஞ்சிங்க. அந்தக் கதைய ஊரே பேசியிருக்கு.

நான் அழுதுட்டேன். வெர்லின் மட்டும் கேட்டார், "கரடிக்கு ஒரு காது உடைஞ்சிருக்கா?"

பாத்தேன். உடைஞ்சிருந்தது.

"டெல்மரோட கேம்ப்கிரவுண்டு, நாம வண்டிய நிறுத்தித் தங்கின இடம். அவன்கிட்ட லேண்ட்லைன் இருக்கு."

பழைய கேம்ப்கிரவுண்டு புத்தகத்துல நம்பர் கிடைச்சது. மணி அடிச்சுக்கிட்டே இருந்தது. வச்சிட்டுத் திரும்ப அடிச்சேன். மூச்சு வாங்க ஒரு கிழவர் எடுத்தார், டெல்மர்தான். என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல, தலையும் இல்லாம வாலும் இல்லாம கொட்டினேன். நல்ல மனுஷன், இடையில பேசல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுச் சொன்னார், அவங்க இன்னும் போகல, வெளியே போற வழியில கழிவுத் தொட்டியக் காலி பண்ணிக்கிட்டிருக்காங்க, அந்தப் பையன் குழாயக்கூட சுருட்ட ஆரம்பிச்சிட்டான்னு.

"நிறுத்துங்க அவங்கள. எப்படியாவது."

ஃபோன மேசையில போட்டுட்டுப் போனார். கதவுச் சத்தம். அவரோட டிரக்கு கிளம்புற சத்தம். வண்டிக்கு முன்னால கேட்டுல குறுக்க நிறுத்தியிருக்கார், அது பிறகுதான் தெரிஞ்சது. அப்புறம் ஒண்ணுமே கேக்கல. வெர்லின் என் தோளப் பிடிச்சிருந்தார், எலும்பு நோகிற மாதிரி.

அப்புறம் யாரோ கத்திக்கிட்டே உள்ள வர்றது கேட்டது. டெல்மர் சொன்னார், "தம்பி, கத்துறத ஃபோன்ல கத்து. டிரக்க நான் எடுக்கப்போறதில்ல, எனக்கு மத்தியானம் வேற வேலையும் இல்ல."

கார்வின் ஃபோன எடுத்தான். "மேடம், இது ரொம்ப அதிகம். போலீசக் கூப்பிடுவேன்."

கடுதாசிய வாசிக்க ஆரம்பிச்சேன். நீங்களே டைப் அடிச்சிருப்பீங்கன்னான். அவன் வைக்கப் போறான்னு குரல்லயே தெரிஞ்சது. வெர்லின் என் கையிலிருந்து ஃபோனப் பிடுங்கினார்.

"கார்வின். அன்னைக்கு காஸ் கசியல. நான் பொய் சொன்னேன். வண்டியப் பாக்கணும் போல இருந்தது, அதனால பிள்ளையோட உங்கள அலைய விட்டேன்."

அதை என்கிட்டகூட அவர் ஒத்துக்கிட்டதில்ல. சந்தேகம் இருந்தது, சந்தேகம் இருந்ததுன்னே சொல்லிக்கிட்டிருந்தார்.

"அது உன் வண்டி. இனி அதைப் பாக்க வரமாட்டேன், கேக்க மாட்டேன், இந்தக் குரல நீ திரும்பக் கேக்கவே மாட்டே. ஒண்ணு மட்டும் சொல்லு. ஒரு வளைவு திரும்பி முடிச்சதும் ஸ்டீயரிங் தானா நேரா வருதா?"

கோபத்துல இருந்த மூச்சுச் சத்தம் மெதுவாக் குறைஞ்சது.

"இல்ல"ன்னான். "முந்தாநேத்துல இருந்து நான்தான் இழுத்து நேராக்குறேன். எனக்குப் பழக்கம் போதலன்னு நினைச்சேன்."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"உங்களத்தான் கேக்கணும் சார். எப்படிக் கேப்பேன்?"

வெர்லின் ஃபோன என்கிட்ட குடுத்துட்டுத் தரையிலயே உக்காந்துட்டார். டெல்மர் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துட்டு வந்தார். அந்த போல்ட்டோட நட்டு, ஸ்பேனர் போடாம விரல்லயே சுத்துதாம். பின்னால ஜூனி கேட்டுக்கிட்டிருந்தது, நாம ஏன் இன்னும் போகலன்னு.

தப்பிச்சாங்க. அதோட முடிஞ்சிருந்தா நல்லாயிருக்கும். தினமும் நான் கம்பெனிக்கு ஃபோன் அடிக்கிறேன். நாங்க அடிச்சட்டம் மட்டும்தான் பண்ணோம்கிறான் ஒருத்தன், நாங்க மேல வீடு மட்டும்தான் கட்டினோம்கிறான் இன்னொருத்தன். மாத்த வேண்டிய சாமான் வசந்த காலத்துக்கு முன்னால வராதாம். இழுத்துக்கிட்டுப் போற பெரிய டிரக்கு அந்த மலைக்கு வர யோசிக்குது. இழுத்துக்கிட்டுப் போனாலும் பட்டறைக்காரன் அவங்கள வண்டிக்குள்ள தூங்க விடமாட்டான். வீடே அதுதானே, எங்க போவாங்க? பனி விழ ஆரம்பிச்சிடுச்சு. டெல்மர் மின்சாரம் குடுத்து வச்சிருக்கார். அவரும் இன்னும் கொஞ்ச நாள்ல, குளிருக்கு கேம்ப்கிரவுண்ட மூடிட்டு, கீழ இறங்கணும்.

நேத்து டெஸ் கூப்பிட்டா. டெல்மரோட ஃபோன் இல்ல, எங்களத் தடுத்து வச்சிருந்த அவளோட ஃபோன். கேம்ப்கிரவுண்டு கடையில மட்டும் வைஃபை வருமாம், அன்னைக்குப் படம் போட்டதும் அதுலதான், அங்க வந்து நின்னு பேசினா. ராத்திரி தண்ணிக் குழாய் உறையப் பாக்குது, வடிக்கிற வால்வு எங்கன்னு தெரியலன்னா, அழுகைய அடக்கிக்கிட்டு.

ஸ்பீக்கர்ல போட்டேன். வெர்லின் ஃபோன் பக்கமே வரல. அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு என்கிட்ட மட்டும் மெதுவாச் சொன்னார், "கட்டிலுக்கு அடியில, இடது பக்கம், சிவப்புக் கைப்பிடி. இறுக்கமா இருக்கும், பயப்படாம திருப்பச் சொல்லு." நான் அப்படியே சொன்னேன்.

"அவர் பக்கத்துலதானே இருக்கார்?"ன்னு கேட்டா.

இருக்கார் கண்ணுன்னேன்.

"ஃபோன அவர்கிட்ட குடுங்க."

நீட்டினேன். மாட்டேன்னு தலைய ஆட்டிட்டார். வாக்கு குடுத்தாச்சு ஆர்லிஸ்னு உதட்ட மட்டும் அசைச்சார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார், அவருக்கு அதுல பனிகூடத் தெரியாது.