மூன்றாவது ஓலை

“அவங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு, உபதேசியாரே! இருபத்துமூணு வருஷம் ஆச்சு!”

“தெரியும் ஃபாதர். சாட்சிக் கையெழுத்து போட்டதே நான்தான்.”

“தெரிஞ்சுமா வாசிச்சீங்க?”

“வாசிக்கிறப்போ தெரியல. வாசிச்சு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது.”

பங்குத்தந்தை பூசை உடையைத் தலைவழியே கழற்றப் போய், கோபத்தில் ஒரு கை உள்ளேயே சிக்கிக்கொண்டு நின்றார். கோயில் காரியங்களில் அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் பழக்கதோஷத்தில் ஓடிப்போய் அந்தக் கையை விடுவித்தார். முப்பது வருடத்தில் ஆறு பங்குத்தந்தைகளின் கைகளை அவர் அப்படி விடுவித்திருக்கிறார்.

நடந்தது இதுதான். கல்யாணம் ஆகப்போகிற இருவரின் பெயர்களை மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில், எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பேர். இப்போது அது வெறும் வெள்ளைத்தாள்தான். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “இவர்கள் மணமுடிக்கத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று அது முடியும். உபதேசியாருக்குத் தாளை வீணாக்கப் பிடிக்காது. ஒரு பக்கம் எழுதிய பழைய ஓலைகளைச் சேர்த்து வைத்து, மறுபக்கத்தில் புதியதை எழுதுவார். இன்று மேடையில் தாளைத் திருப்பி வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் அவர் கையெழுத்துதான். அதனால் நாக்கு தடுக்கவே இல்லை.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், அதற்குப் பின்னால் ஒரு புனிதரின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் என்று நீட்டி முழக்கி வாசித்தார். அந்தப் பெயர்களில் அவர்களை அங்கே யாருக்கும் தெரியாது. அவர் எல்லோருக்கும் ரொட்டிக்காரர்; அவள் டைலரக்கா. யாரோ புதுசாகக் குடிவந்த பிள்ளைகள் என்றுதான் சனங்கள் நினைத்தார்கள். பெண்ணின் அம்மா பெயர் வந்தபோதுதான் முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஒரு சிரிப்பு கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே, குழாயை மூடினாற்போல் நின்றது.

ஏனென்றால் ரொட்டிக்காரரும் டைலரக்காவும் பிரிந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ரொட்டிக்கடையின் பின்னறையில் இருக்கிறார். அவள் தையல்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறாள். வருகிற ஞாயிறுக்கு மறுநாள் அவளுக்கு ரயில். அக்கா வீட்டோடு போய் இருந்துவிடப் போகிறாள், திரும்பி வருகிற எண்ணமில்லை என்பதும் தெரியும். ஓலை முடிந்ததும் அவள் எழுந்து பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள். ரொட்டிக்காரர் கடைசி பெஞ்சில் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புண்ணுல விரலை விட்டு ஆட்டின மாதிரி ஆயிடுச்சு,” என்றார் பங்குத்தந்தை. வயதில் உபதேசியாரைவிட இருபது வருடம் சின்னவர். கோபம் சீக்கிரம் வடிந்துவிடும். “நாளைக்கே ரெண்டு பேரையும் தனித்தனியா பார்த்து மன்னிப்புக் கேளுங்க. அடுத்த ஞாயிறு, போன வாரம் வாசிச்சது தவறுன்னு நீங்களே மேடையில சொல்லிடுங்க. சரியா?”

“சரி ஃபாதர்.”

“அப்புறம், வெளியில புதுப் பொண்ணோட அப்பா நிக்கிறாரு. எம்பொண்ணு பேரு எங்கய்யான்னு கேப்பாரு. அதுக்கும் ஒரு பதிலை யோசிச்சு வச்சுக்குங்க.”

வீட்டில் செய்தி அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் அமர்ந்தாள்.

“கண்ணாடிய தொடச்சுட்டுப் போங்கன்னு சொன்னேனா இல்லையா? நல்லவேளை, அவங்க ஓலை. நம்ம ஓலையா இருந்திருந்தா நானே எழுந்து தடை சொல்லியிருப்பேன்.”

“என்னடி தடை?”

“குறட்டை.”

அவர் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்து, அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். “அவ போறதுன்னு முடிவு பண்ணி மூணு மாசம் ஆச்சுங்க. நீங்க வாசிச்சதால ஒண்ணும் போகல,” என்றாள். உபதேசியாருக்கு அது ஆறுதலாக இல்லை. போகிறவளை வாசல்வரை தள்ளிவிட்டோமோ என்றுதான் தோன்றியது.

திங்கட்கிழமை மதியம், அடுப்பு ஆறுகிற நேரமாகப் பார்த்து ரொட்டிக்கடைக்குப் போனார். ரொட்டிக்காரர் தட்டுகளைத் துணியால் துடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். புருவத்தில், காதுமடலில், முழங்கை மடிப்பில் எல்லாம் மாவு. நாளை வெள்ளை மயிர் வந்தாலும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

“தம்பி, நேத்து நான் பண்ணது…”

“உக்காருங்கண்ணே. மூட்டைமேலேயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது.”

“மன்னிச்சுக்கணும்.”

ரொட்டிக்காரர் ஒரு தட்டை இரண்டு முறை துடைத்தார். “என் முழுப்பேரை யாராவது சொல்லி எத்தனை வருஷம் ஆச்சுண்ணே? நானே மறந்துட்டேன். யாரோ ஒருத்தன் பேருன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். பக்கத்துலயே அவ பேரு வந்துச்சு.” துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். “ஒண்ணு கேக்கணும். யாராவது வந்து சொன்னாங்களா?”

“எத?”

“தடைய. இருந்தா சொல்லணும்னு வாசிச்சீங்களே.”

“இல்லையே தம்பி.”

“ஒருத்தர்கூட?”

“ஒருத்தரும் வரல.”

ரொட்டிக்காரர் அடுப்பின் இரும்புக் கதவில் சாய்ந்துகொண்டார். “நான் வரலாம்னு நெனச்சேன். எனக்குத்தான தெரியும், என்ன தடைன்னு. ரெண்டு மணிக்கு எழுந்து மாவு பிசையிறவன் நான். பதினொரு மணிவரைக்கும் மெஷின் மிதிக்கிறவ அவ. நான் படுக்கப் போறப்போ அவ வேலை செய்வா. அவ படுத்தா நான் எழுந்திடுவேன். மாடிப்படியில பார்த்துக்குவோம். அவ்ளோதான் குடும்பம். பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் பண்ணாங்களே, நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. முதல் ஈடு ரொட்டி வந்ததும் ஒண்ணை எடுத்துக்கிட்டு ஓடுவேன். விடியாத நேரம். அசந்து தூங்கிட்டிருப்பா. எழுப்ப மனசு வராது. தலைமாட்டுல ரொட்டிய வச்சுட்டு, நின்னு அவ மூச்சு விடுறத எண்ணுவேன்.”

“எண்ணுவீங்களா?”

“நூறு. நூறு மூச்சு சரியா வந்தா ஆளு நல்லா இருக்கான்னு எனக்கா ஒரு இது. அதுக்குள்ள அடுப்பு ஞாபகம் வந்துடும், ஓடியாந்துடுவேன். நாலு நாளும் அப்படித்தான். பகல்ல போய் உக்காந்திருக்கணும்ணே. போகல. அதான் தடை.”

மன்னிப்பு கேட்க வந்த உபதேசியார் மாவு மூட்டையிலிருந்து எழுந்தார். பின்பக்கமெல்லாம் வெள்ளையாகிவிட்டதை ரொட்டிக்காரர்தான் தட்டிவிட்டார்.

தையல்கடைக்கு நாலு கட்டிடம்தான் தூரம். அந்த நாலு கட்டிடத்தைக் கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. எத்தனை ஓலை வாசித்திருப்பார்? ரயில் நிலையத்தில் வண்டி வரும் நேரத்தைச் சொல்வதுபோல வாசித்திருக்கிறார். தடை உண்டென்று அறிந்தவர்கள் என்று வாசித்ததும் ஒரு மௌனம் வரும். தாளை மடித்துப் பைக்குள் வைக்கத் தோதான மௌனம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது அது அவர் கண்முன் எழுந்து நின்றது. முந்நூறு பேர். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருக்கு எத்தனை மாத்திரை என்றுகூட ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அத்தனை பேர் முன்னால் இரண்டு பெயர்களை வைத்து, இவர்கள் ஒன்றாக இருக்கக் கூடாதென்று யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறோம். அத்தனை பேரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரைக் கையில் ஏந்தியிருக்கிறார்கள். அவர் தாளை மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நடுத்தெருவிலேயே உபதேசியார் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து, “பெரியவரே, ஓரமா நின்னு யோசிங்க,” என்றான்.

டைலரக்கா முதல் நற்கருணை வாங்கப்போகிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதில் ஆறு முடிந்து கொடியில் தொங்கின. காற்றில் ஆறும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தன. மூலையில் வாய்திறந்த பெட்டி ஒன்று, பாதி நிரம்பி இருந்தது.

“வாங்கண்ணே. இன்னிக்கும் எனக்கு மாப்பிள்ளை பார்த்துட்டுத்தான் வந்தீங்களா?”

“கிண்டல் பண்ணும்மா. எனக்கு வேணும். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்.”

“எம்மவன் போன் பண்ணான். அவன் ஹாஸ்டல்வரைக்கும் போயிடுச்சு சேதி. ‘என்னம்மா, உங்க கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை இல்லையா?’ன்னு சிரிச்சான். ரொம்ப நேரம் சிரிச்சான். அப்புறம் சத்தமே இல்ல. வச்சுட்டான்.” அவள் மெஷினை மிதித்தாள். மடிப்பு ஒன்று ஓடி முடிந்தது. “நானே உங்ககிட்ட வரணும்னு இருந்தேன். தடை இருந்தா சொல்லணும்னு வாசிச்சீங்கல்ல? எனக்குத் தெரிஞ்ச தடை ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்தேன். கண்ணு முழிச்சா தலைமாட்டுல ரொட்டி இருக்கும், சூடு ஆறிப்போய். ஆள் இருக்காது. பக்கத்துக் கட்டில்காரி கேட்டா, உங்க வீட்டுக்காரர் ரொட்டியான்னு. அன்னிக்கு விட்டுப் போச்சுண்ணே.”

பாவத்தை அறிக்கையிடுகிறவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்பது உபதேசியாரின் வேலையில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோவதும் அவர் வேலையில்லை. ஆனால் இந்தச் செய்தியைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் இந்த ஜென்மத்தில் தூக்கம் வராது.

“எண்ணுவாராம்மா.”

“என்னது?”

“நீ தூங்குறப்போ. ரொட்டிய வச்சுட்டு, நின்னு உன் மூச்சை எண்ணுவாராம். நூறு வரைக்கும். நாலு நாளும். எழுப்ப மனசு வரலையாம்.”

மெஷின் சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் கால் மிதியில் அப்படியே இருந்தது.

“நூறா?”

“நூறுன்னுதான் சொன்னாரு.”

“அந்தாளுக்கு எண்ணவே வராதுண்ணே. டஜன் கேட்டா பதிமூணு வைப்பாரு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்தபோது அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. தன் மார்பில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதை முதல்முறை பார்ப்பவள்போலப் பார்த்தாள். கொடியிலிருந்த கவுன்கள் அசைந்துகொண்டே இருந்தன. உபதேசியார் தொப்பியில்லாத தலையில் தொப்பியைக் கழற்றப் போவதுபோல் கையை உயர்த்தி, அசடு வழியத் தலையைச் சொறிந்துகொண்டார். கோயிலுக்குள் நின்றால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றுகொண்டிருந்தார்.

“அந்தத் தாள் இருக்கா?” என்றாள் அவள்.

பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். அவள் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பெயர்களையும் உதடு அசைய வாசித்தாள். ஓரத்தில் அவள் விரல் நின்றது.

“இது என்ன கோடு?”

“வாசிச்ச அடையாளம். ஒவ்வொரு ஞாயிறும் வாசிச்சதும் ஒரு கோடு போட்டுடுவேன்.”

“ரெண்டுதானே இருக்கு.”

உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார். ஒரு கோடு மங்கிய நீலம். இன்னொன்று பளிச்சென்ற கறுப்பு; நேற்று போட்டது. பிழையென்று தெரிவதற்கு முன்பே கை தன் வேலையைச் செய்துவிட்டிருக்கிறது. அப்போதுதான் அவருக்கு முழுதும் நினைவு வந்தது. இவள் அப்பா கட்டிலில் கிடந்தார், வாரம் தாண்டமாட்டார் என்றார்கள். அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று மறைமாவட்ட ஆயரிடம் அனுமதி வாங்கி, ஒரே ஓலையோடு, அந்த வாரமே கல்யாணத்தை முடித்தார்கள்.

“அப்போ ஒண்ணுதான் வாசிச்சோம்மா. உங்கப்பாவுக்காக.”

“இருபத்துமூணு வருஷம் கழிச்சு ரெண்டாவது.” அவள் தாளை மடியில் வைத்து, மடிப்பைத் தையல்காரியின் நகத்தால் அழுத்தி நீவினாள். “அப்பவும் யாரும் தடை சொல்லல. நேத்தும் சொல்லல. இல்லையாண்ணே?”

“சொல்லலம்மா. ஆனா ஃபாதர், இந்த ஞாயிறு அது தவறுன்னு என்னை மேடையில சொல்லச் சொல்லியிருக்காரு.”

“எனக்கு ரயில் திங்கக்கிழமை.”

“தெரியும்மா.”

பெட்டி மூலையில் வாய்திறந்தபடியே இருந்தது. நாலு கட்டிடம் தள்ளி ரொட்டிக்கடையின் இரும்புக் கதவு இழுத்துச் சாத்தப்படுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. அது நிற்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் தாளை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். “தவறுன்னு சொல்லாதீங்கண்ணே. இன்னும் ஒண்ணுதானே இருக்கு. நான் முன்பெஞ்சுல உக்காருறேன், அவரு எங்க வேணா உக்காரட்டும். ரெண்டு பேர் பேரையும், அப்பா அம்மா பேரோட, முழுசா… அந்த மூணாவதையும் வாசிச்சிடுங்களேன்.”