ஜோடிக்கு நின்ற தூண்

தேவாலயத்தின் கடைசி வரிசையில், வலப்பக்கத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிரசங்கியார் கண்ணுக்கு ஆள் தெரியாது. கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு அந்த இடம்தான் தோது. முப்பது வருஷம் மனைவியோடு அங்கேதான் உட்கார்ந்தார். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, பக்கத்து இடம் காலியாகக் கிடப்பதை நாலு வருஷமாகத் தூண் மறைத்துக்கொண்டிருந்தது.

தூணில் கரையான் ஏறியிருப்பதாகப் பேச்சு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் அம்மா ஒருத்தி வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்; கடிகாரக்காரரும் கூட நின்றார். காலிப் பெட்டிபோல் டொக் டொக்கென்றது.

"உள்ளே வெறும் மரச்சட்டம் ஐயா, மேலே சுண்ணாம்புப் பூச்சு. இது எதையும் தாங்கலை."

"அப்புறம் எதுக்கும்மா கட்டினான், பைத்தியமா அவனுக்கு?" என்றார் அவர்.

"அந்தப் பக்கத் தூண் மணிக்கூண்டுப் படிக்கட்டைத் தாங்குது. அது மட்டும் ஒத்தையா நின்னா பார்க்க நல்லாயிருக்காதுன்னு இங்கே ஜோடிக்கு ஒண்ணு வச்சிருக்காங்க."

"இதை எடுத்துட்டா அது?"

"அதுபாட்டுக்கு நிக்கும். அதுக்குத்தான் வேலை இருக்கே."

அவருக்குச் சுருக்கென்றது. "கூரை விழுந்துடும், பார்த்துக்குங்க," என்று சொல்லிவைத்தார். மூன்றே நாளில் தூண் போய்விட்டது. கூரை அசையக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் உட்கார்ந்தபோது நடுத்தெருவில் நிற்பதுபோல் கூசியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "இங்கே யாராவது வராங்களா?" என்று கேட்டாள்.

"ஆள் வருது," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆராதனை முடியும்வரை அவள் குழந்தையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கதவோரம் நின்றாள். திரும்பிப் பார்த்தவர்களெல்லாம் அவளைப் பார்த்துவிட்டுக் காலியிடத்தையும் பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் முதல் ஆளாக வந்தார். சுவரோரமாக நகர்ந்து மனைவியின் இடத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் தயங்கி நின்றாள்.

"உட்காரும்மா. யாரும் வரலை."

அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: தலைக்கு மேல் உயர்ந்து நின்ற ஜன்னலின் அடிச்சட்டம் சுவரோடு சரியாகச் சேரவில்லை. அந்த இடுக்கு வழியாகக் குளிர்காற்று நேரே பிடரியில் அடித்தது. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று அவள் கேட்டதில்லை. இவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, குழந்தையின் பக்கம் காற்றுப் போகாதபடி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். எல்லாரும் வெளியேறி, கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தும்வரை அவர் அங்கேயே இருந்தார்.