வாய்க்கால்காரரின் சைலன்ஸர்

அக்கா புருஷன் ஒன்றைக் கேட்டு வந்து நின்றால் மச்சினன் சட்டென்று மாட்டேன் என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் அது கடையோடு முடியாது, வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். மச்சினனான மெக்கானிக்குக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்று காலை முக்கால் மணி நேரம் வாதாடிப் பார்த்தான்.

அத்தானுக்கு வாய்க்காலில் வேலை. பதினான்கு கிலோமீட்டர் கரை, ஒன்பது மடை. எந்த மடையை எவ்வளவு திறப்பது, எப்போது அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. "மடை திறக்கிறவன் மடையன்தானே" என்று தன்னைத்தானே சொல்லிச் சிரிப்பார். வேறு யாராவது சொன்னால் சிரிக்க மாட்டார். கரையில் கார் போகாது, சைக்கிள் மணலில் புதையும். அதனால் ஆறு வருஷமாகச் சின்னதாக ஒரு நாலு சக்கர பைக் வைத்திருந்தார். நூற்றுப்பத்து சிசி இன்ஜின், தடித்த டயர்கள், பின்னால் மண்வெட்டி கட்ட ஒரு கேரியர்.

"வண்டில உயிரே இல்ல மாப்ள. முன்ன மாதிரி இழுக்கல, ஒரே மந்தமா கிடக்கு" என்றார். "சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் மாத்தினா இருபது பர்சன்ட் பவர் ஏறும்னு வீடியோல காட்டுறான்."

"காட்டுறவனே சைலன்ஸர் விக்கிறவன்தான் அத்தான்."

"அதெல்லாம் இருக்கட்டும். ஏறுமா, ஏறாதா?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "பெரிய இன்ஜின்னா கொஞ்சம் ஏறும். இது சின்ன நெஞ்சு. மூக்கை அகலமா வெட்டி விட்டா நுரையீரல் பெருசாயிடுமா? ஏதோ துளி கிடைச்சாலும் ஃபுல் ஸ்பீடுல போனாத்தான் கிடைக்கும். நீங்க கரைமேல நடந்து போற வேகத்துல போறவரு. உங்களுக்கு வேண்டியது கீழ் இழுவை, மெதுவா போறப்ப வர்ற பலம். இதை மாட்டினா அதுதான் முதல்ல குறையும். இன்னொண்ணு, ஃபில்டர் பொட்டியைக் கழட்டிட்டுத் திறந்த ஃபில்டர் வெச்சா, உங்க கரைப் புழுதி அத்தனையும் இன்ஜினுக்குள்ளதான் போகும்."

அத்தான் பாதிப் பேச்சிலேயே வண்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். "நீ மாட்டித் தர்றியா, நான் வேற கடைக்குப் போகட்டுமா?"

அதற்குமேல் என்ன பேச?

மாட்டுவதற்கு முன்பு மெக்கானிக் தன் திருப்திக்காக இரண்டு காரியம் செய்தான். இன்ஜினின் கம்ப்ரஷனை, அதாவது உள்ளழுத்தத்தை, அளந்து பார்த்தான். குறையே இல்லை. பிறகு பெரிய மடைக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டில் வண்டியை அடியிலிருந்து உச்சி வரை ஏற்றி, போனில் நேரம் பார்த்தான். முப்பத்தெட்டு வினாடி. இரண்டு நாள் கழித்து, புது சைலன்ஸர், புது ஃபில்டர், அதற்கேற்ப பெட்ரோல் கூடுதலாக விட கார்புரேட்டரில் பெரிய ஜெட் எல்லாம் போட்டு அதே மேட்டில் ஏற்றினான். முப்பத்தெட்டு வினாடி. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கேரியரில் இரண்டு மணல் மூட்டை வைத்தும் ஏற்றிப் பார்த்திருந்தான். அதில் புதுசு இரண்டு வினாடி பின்தங்கியது.

ஆனால் அத்தான் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து மெக்கானிக் பார்த்ததில்லை.

"பறக்குது மாப்ள! போன உயிர் திரும்பி வந்திருச்சு!"

"அத்தான், நேரம் பாத்தேன். ஒரு வினாடிகூடக் குறையல."

"உன் கடிகாரத்தைத் தூக்கி வாய்க்கால்ல போடு" என்று சொல்லிவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி உறுமிக்கொண்டு போனார்.

மெக்கானிக்குக்கு இது முள்ளாகத் தைத்தது. அத்தான் ஏமாளி அல்ல. சின்ன வயதில் எதிர்த் தெருவில் ஒரு வண்டி போனால், உள்ளே இருந்தபடியே "அதுக்கு செயின் லூஸு" என்று சொல்லக்கூடியவர். அப்படிப்பட்டவர் இல்லாத வேகத்தை இருக்கிறது என்று எப்படி நம்புகிறார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா ஜன்னலோரம் தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் டிவியை அலறவிட்டு, கூடவே பேப்பரும் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா தம்பி, அந்தச் சனியனை மாட்டிக் குடுத்துட்டே?" என்றாள் அக்கா. "மூணாவது மடையில இருக்கும்போதே இங்க ஜன்னல் கண்ணாடி ஆடுது."

"நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா."

"போகட்டும், அந்த மனுஷன் வர்றதாவது தெரியுது. வீட்டுக்குள்ள வந்துட்டா ஒரு சத்தம் இல்ல. பத்து வார்த்தை சொன்னா ஒரு 'ம்' வருது, அதுவும் சம்பந்தமில்லாத இடத்துல. சுவத்துக்கிட்ட பேசினாலும் பல்லியாவது பதில் சொல்லும்." சொன்னவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை. "சலிச்சுப் போச்சுடா அவருக்கு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சுல்ல."

மெக்கானிக் ஏதோ சொல்லிச் சமாளித்தான். புருஷன் பெண்டாட்டி நடுவில் போகிறவன் மத்தளம் மாதிரி. இரண்டு பக்கமும் இடி வாங்குவான்.

புதன்கிழமை அத்தான் ஸ்பார்க் பிளக் மாற்ற வந்தார். அப்போது கடையில் யாரோ விட்டுப்போன ஸ்கூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் இன்ஜினில் டேப்பட் என்கிற பாகம் மோசமாக லூஸாகி, தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோலக் கிடுகிடுத்தது. அத்தான் அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடுது? இதை எதுக்கு விட்டுட்டுப் போயிருக்காங்க?"

மெக்கானிக்கின் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அத்தான் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தான். இல்லை.

அவன் ஸ்கூட்டரை அணைத்தான். அத்தானுக்குப் பின்னால் போய், மேஜையிலிருந்து ஒரு சின்ன நட்டை எடுத்து சிமென்ட் தரையில் போட்டான். 'டிங்' என்று குதித்து உருண்டது. அத்தான் திரும்பவில்லை. குனிந்து எடுத்து மறுபடியும் போட்டான். அத்தான் நகத்தில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை போட அவனுக்கு மனசு வரவில்லை. பூட்டாத வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரிக் கூசியது. நட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. இன்ஜினோட சன்னமான சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்கல. அதான் உயிர் போன மாதிரி இருந்திருக்கு. இப்போ பெருசா உறுமுறதால திரும்பி வந்த மாதிரி இருக்கு. பாக்க வேண்டியது காதை."

அத்தான் நகத்தைச் சுரண்டுவதை நிறுத்தினார். பிறகு எழுந்தார்.

"செவிடன்னு சொல்ற."

"அப்படிச் சொல்லல."

"வெளியில தெரிஞ்சா ஒன்பது மடையையும் என்னை நம்பி யாருடா குடுப்பா? வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு." பிளக்கைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டார்.

இரண்டு வாரம் கடைப் பக்கமே வரவில்லை. அக்காவிடம் சொல்லலாமா என்று மெக்கானிக் பலமுறை போனை எடுத்தான். அவர் வாயால் சொல்ல வேண்டியதை நாம் சொல்வதா என்று தோன்றும், வைத்துவிடுவான். நாக்கு நுனியில் நிற்கும் விஷயத்தை விழுங்கிக்கொண்டு இருப்பது பெரிய தண்டனைதான்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் அத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். சட்டை முழுக்க வேர்வை. வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"வயல்காரர் ஒருத்தர் கையை ஆட்டி நிறுத்தினாரு. 'என்னங்க, வண்டி இந்தக் கத்துக் கத்துது, உள்ள ஏதோ அடிக்குது, அப்படியே ஓட்டிட்டுப் போறீங்களே'ன்னாரு. அங்க கழனி வேலையில நின்ன எல்லாருக்கும் கேட்டிருக்கு. மேல உக்காந்திருந்த எனக்குக் கேக்கல."

மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினான். உள்பக்கம் விரலால் தடவினால் மாவு மாதிரிப் புழுதி. இன்ஜினைப் பிரித்தால் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்து போயிருந்தன. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவன் சொல்லவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

அத்தான் இல்லை என்று தலையை ஆட்டினார். "நீயே சொல்லு. எனக்கு வாய் வரல."

மெக்கானிக் அக்காவிடம் சொன்ன பிறகு, காது பார்க்கும் இடத்துக்கு மூன்று பேரும் போனார்கள். கண்ணாடி அறைக்குள் அத்தானை உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுத்தினார், அழுத்தினார். பிறகு விரல் பட்டன்மேல் சும்மா கிடந்தது, நெடுநேரம். சத்தம் போய்க்கொண்டேதான் இருக்கிறது என்பது வெளியே மெஷினைத் திருகிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கையைப் பார்த்தால் தெரிந்தது. அக்கா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

டாக்டரம்மா காட்டிய தாளில் ஒரு கோடு இருந்தது. இடதுபக்கத்திலிருந்து நேராக வந்து, பாதியில் கரை சரிந்தமாதிரி விழுந்துகிடந்தது. "கனமான சத்தம் எல்லாம் இவருக்கு நல்லாவே கேக்குது. சன்னமா, உயரமா இருக்கிறதுதான் போயிடுச்சு. ரெண்டு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும்."

"என் குரல் இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

டாக்டரம்மா விரலைக் கோடு விழுந்திருந்த பள்ளத்தில் வைத்தாள். "ஏறக்குறைய இங்க. சத்தம் வரும், வார்த்தை புரியாது. முகத்தைப் பாத்துப் பேசினா சமாளிப்பாரு. பின்னாலிருந்து பேசினா கஷ்டம்."

வெளியே மரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அக்கா புருஷனுக்கு எதிரே நின்றாள். மெக்கானிக் கொஞ்சம் தள்ளிப் போகப் பார்த்தான். "நீயும் இருடா" என்றாள்.

"தையல் சொல்லித்தர பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க. போகட்டுமான்னு உங்களைக் கேட்டேன். பேப்பரைத் திருப்பிட்டு உக்காந்திருந்தீங்க. மறுநாளும் கேட்டேன். உங்களுக்குப் புடிக்கலபோல இருக்குன்னு நெனச்சு, அவங்ககிட்ட வரலன்னு சொல்லிட்டேன்."

"எப்ப கேட்ட?"

"மழைக்கு முன்னாடி."

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டி, சத்தம் போட்டுக் கேக்கக் கூடாதா?"

"சத்தம் போட்டுக் கேக்கிற விஷயமா அது?"

அவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. இரண்டு வருஷக் கோபம் ஒரு தாளைக் காட்டியதும் இறங்கிவிடுமா? கோபப்பட வேண்டிய ஆளே இல்லாமல் போய்விட்டதுகூட அவளுக்கு ஒரு நஷ்டம்தான். பஸ் வந்த பிறகுதான் அவர் பக்கத்தில், அவர் முகம் தெரிகிற மாதிரி, உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அதற்குள் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா அழுதாள். அத்தான் தானே நேரில் போய், அடுத்த வருஷமாவது அவளைக் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதில் இன்னும் வரவில்லை.

மெக்கானிக் புது பிஸ்டன் போட்டு, பழைய சைலன்ஸரையும் ஃபில்டர் பொட்டியையும் திரும்ப மாட்டினான். காது மெஷின் வந்ததும் அத்தான் அதைப் போட்டுக்கொண்டு கரையில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தவர் அதைக் கழற்றி டப்பியில் வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன அத்தான், ஒத்துக்கலையா?"

"காத்து அடிச்சா ஊன்னு ஒரே இரைச்சல். வேலையில நிக்கிறப்ப சரி. வண்டில இது தோதுப்படாது." ஹேண்டிலில் கை வைத்தவர், மெக்கானிக்கின் முகத்தில் கவலையைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார். "வீட்டுக்குப் போனதும் மாட்டிக்குவேன். அங்கதான்டா வேணும்."

வண்டி சத்தமில்லாமல் தெருமுனை திரும்பியது.