இரண்டு கோடு

மாயாவின் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் லட்சக்கணக்கில் இருக்கிறது என்று லேப்பில் சொன்னதும், மாமியார் தாயம்மா அதை இரட்டைப் பிள்ளை என்று எடுத்துக்கொண்டாள். கொருக்குப்பேட்டையில் அவர்கள் தெரு முழுக்க லட்டு போனது.

ஸ்கேனில் பிள்ளையே இல்லை. கருப்பை நிறையத் திராட்சைக் குலைபோல நீர்க்கட்டிகள். முத்துப்பிள்ளை என்பார்கள் என்று சொல்லி, பெரியாஸ்பத்திரியில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அந்த ஹார்மோன் உடம்பைவிட்டு இறங்க மாதக்கணக்கில் ஆகலாம், வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், இறங்காமல் ஏறினால் புற்றாக மாறியிருக்கிறதென்று அர்த்தம் என்றார் டாக்டர். மாயா மட்டும்தான் கேட்டாள். தாயம்மா உள்ளே வரவில்லை.

மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் மாயாவின் புருஷன் டில்லிபாபு, அவளை வீட்டில் இறக்கிவிட்ட கையோடு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டான். ஒரு மாதம் கழித்து, அவன் திரும்புவதற்கு முந்தைய நாள் மாயா வாந்தி எடுத்தாள். தாயம்மா மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கிவந்து, அவளைச் சோதிக்க வைத்தாள். இரண்டு கோடு விழுந்தது.

மகன் வந்ததும் அதை அவன் கையில் கொடுத்தாள். "நீ வண்டில கீறே நைனா. இது யார்துனு கேளு."

மாயா மன்றாடினாள். கிட்டுக்குப் பிள்ளை தெரியாது, ஹார்மோன்தான் தெரியும். பழையது இன்னும் ரத்தத்தில் இருக்கிறது, ரிசல்ட்டில் வாராவாரம் இறங்கிக்கொண்டுதான் வருகிறது என்றாள். டாக்டரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள். டில்லிபாபு அவள் துணிகளை அரிசிச் சாக்கில் திணித்து வாசலில் வைத்தான்.

புளியந்தோப்பில் அண்ணன் பீம்ராவ் வீட்டிலிருந்து அவள் ரத்தம் கொடுக்கப் போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் புற்று பயத்தோடுதான் ரிசல்ட்டைப் பிரித்தாள். ஹார்மோன் முழுக்க இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, பீம்ராவ் புதுக் கிட் ஒன்றை வாங்கிக்கொண்டு அவளை ஆட்டோவில் கொருக்குப்பேட்டைக்கு அழைத்துப் போனான். புருஷன் வீட்டிலேயே சோதித்துக் காட்டினாள். ஒற்றைக் கோடு.

தாயம்மா அதை நிதானமாகப் பார்த்தாள். "கலைச்சிட்டு வந்துகிறா" என்றாள்.

மாயா சுவரோரம் நின்ற டில்லிபாபுவிடம், "டாக்டராண்ட ஒரு தபாவாவது போய் கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்" என்றான் அவன். நீ போன மறுவாரமே போனேன், நீ சொன்னது நெசந்தான் என்று டாக்டரே சொன்னார் என்றான். குரலில் கோபமே இல்லை. "ஆனா இன்னும் ஒரு வருசத்துக்குப் புள்ள வேணாம்னாரு. அம்மாவால காத்துகினு இருக்க முடியாது. சாத்தாங்காட்டுல பொண்ணு பார்த்து முடிச்சிட்டாங்க."

பீம்ராவ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். தாயம்மா அலறிக்கொண்டு நடுவில் விழுந்தாள். மாயா யாரையும் விலக்கிவிடவில்லை.