ஏழாம் பாடம் மறுபடியும்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து தூசி கட்டியாக அவன் மடியில் விழுந்தது. மின்விசிறியைச் சுற்றிலும் பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. கையால் வழிக்கப் போனான்.

"வெளியில கொண்டுபோய்த் தட்டு" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலேயே.

கட்டில் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அவன் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், பெயின்ட் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தட்டிவிட்டு வந்தான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவனுக்கு இது பதினோராவது வருஷம். அங்கே சேர்ந்த புதிதில் அவனே பாகம் பாகமாக வாங்கி அக்காவுக்கு மாட்டிக் கொடுத்த மெஷின் இது. கடையில் தினமும் இரண்டு மூன்று பேருக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்கிற புது ரக டிஸ்க் போட்டுத் தருகிறான். உள்ளங்கையில் அடங்கும் தகடு. நாலு ஸ்குரூ, இரண்டு வயர், ஒரு மணி நேர வேலை. தூங்கி வழிந்த மெஷின் துள்ளி எழுந்துவிடும். தன் மெஷினும் தூங்கி வழிவதை அக்கா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. "எங்க மாமனாரை எழுப்பி விட்டிருக்கேன், எழுந்து உக்கார கால் மணி நேரம் ஆகும்" என்று போனில் சிரிப்பாள். கல்யாணமே செய்துகொள்ளாதவளுக்கு அந்த மெஷின்தான் மாமனார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து மாத்திடறேன்க்கா" என்பான் அவன். அதற்கும் சிரிப்பாள்.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அவள் பாடப்புத்தகங்களை டைப் செய்து கொடுத்து வந்தாள். அதை அங்கே இருக்கும் இயந்திரம் புள்ளி எழுத்தாக அச்சடிக்கும். இந்த வருஷம் வேதியியல். வயிற்றில் ஆரம்பித்தது ஈரலுக்கு வந்து, இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தபிறகுகூட, முதுகுக்குத் தலையணை கட்டிக்கொண்டு உட்கார்ந்து அடித்தாள். எட்டுப் பாடம் முடிந்து ஒன்பதாவதில் பாதி நின்றிருந்தது. போன வாரம் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனும் மனைவியும் அக்கா வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இன்று காலையில் வந்த நர்ஸ், அவன் மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்றாள். மனைவி அதை வந்து சொன்னபோது அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்த கடையைத் திறந்து புது டிஸ்க்கை எடுத்து வந்தான். அவன் கையில் இருந்ததைப் பார்த்து, "இப்பவா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

அக்காவும் அதையேதான் கேட்டாள்.

"இப்ப எதுக்குடா இது?"

"ஒரு மணி நேரம்தான்க்கா. அப்புறம் சட்டுன்னு வந்துடும். நீ ஒம்பதாம் பாடத்தை முடிச்சிடலாம்."

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். பல் தேய்த்துவிட்டேன் என்று அவன் பொய் சொல்லும்போதும் இப்படித்தான் பார்ப்பாள்.

"சரி. முடி" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் ஆகவில்லை. பழைய டிஸ்க் அங்கங்கே கெட்டுப்போயிருந்தது. அதிலிருந்து புதிதற்குப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு கெட்ட இடத்திலும் சிக்கி, டிக் டிக்கென்று தட்டித் தட்டிப் பார்த்து, பிறகு நகர்ந்தது. இருபது சதவீதத்துக்கே மத்தியானமாகிவிட்டது. அவன் சாப்பிடவில்லை. மனைவி ஈரத்துணியால் அக்காவின் உதட்டை நனைத்துவிட்டுப் போனாள். அவன் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது. நாற்பத்தைந்து. அக்காவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அறையில் அந்தச் சத்தமும் டிஸ்க்கின் சத்தமும்தான்.

அறுபத்து மூன்றில் நீண்ட நேரம் நின்றது. விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அறுபத்து நான்கு ஆனபோது அவனை அறியாமல், "வந்துடுச்சு" என்றான்.

"என்னங்க" என்றாள் மனைவி, கதவருகிலிருந்து. "இங்க திரும்புங்க."

திரும்பினான். டிக் டிக்கென்று அது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மற்றது எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவைக் கூடத்துக்கு எடுத்து வந்து படுக்க வைத்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். உள்ளேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு மாமா எழுந்துபோய் ஸ்விட்சில் கை வைத்தார். அவன் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பாதியில் நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்காது என்று சொன்னான். மாமா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டார். துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது. ஆறு மணிக்கு மேல் பிரதி முடிந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, கேபினெட்டை மூடி, நாலு ஸ்குரூவையும் முறுக்கிவிட்டு வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் பள்ளியின் வாத்தியார் போன் செய்தார். அவருக்கும் பார்வை இல்லை. கிளம்பி வருவதாகச் சொன்னவர், கொஞ்சம் தயங்கி, பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை என்றார். பாடங்களை எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டு அவன் மெஷினைப் போட்டான். பத்து நொடியில் திரை வந்து நின்றது. நேரே அக்காவின் வேதியியல் கோப்புகளுக்குப் போனான்.

எட்டரைப் பாடத்துக்கு ஒன்பது கோப்புகள் இருக்க வேண்டும். இருபத்தாறு இருந்தன. நாலாம் பாடம். நாலாம் பாடம் மறுபடி. ஏழாம் பாடம். ஏழாம் பாடம் மறுபடி. ஏழாம் பாடம் மறுபடியும். முதல் ஏழாம் பாடம் திறக்கவே இல்லை. இரண்டாவது பதினான்காம் பக்கத்தில் ஒரு சொல்லின் நடுவே அறுந்து, அதற்குப் பிறகு வெறும் கட்டம் கட்டமாக இருந்தது. மூன்றாவதுதான் முழுசு. முப்பத்தொரு பக்கம், முதல் வரியிலிருந்து திரும்ப அடித்தது.

ஒருமுறை, "நேத்து அடிச்சதைக் காணோம்டா" என்று அவள் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. அடிக்கடி சேவ் பண்ணச் சொன்னான். அவள் பண்ணித்தான் இருக்கிறாள். கெட்டுப்போன டிஸ்க்தான் தின்றிருக்கிறது.

தேதிகளைப் பார்த்தான். மூன்றாவது ஏழாம் பாடம், இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வீடு வந்த பத்தாம் நாள் ஆரம்பித்தது. அது ஞாயிற்றுக்கிழமை. வருவதாக அவளிடம் சொல்லியிருந்தான். அன்றைக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் வீட்டில் அவருக்கும் அவர் மகளுக்கும் இரண்டு மெஷினில் புது டிஸ்க் மாட்டிவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தூங்கினான்.

வாத்தியார் பதினொரு மணிக்கு வந்தார். கூடத்தில் அக்காவின் அருகே உட்கார்ந்து, தடவிப் பார்த்துக் கையைக் கண்டுபிடித்து, விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் அவரை உள்ளே அழைத்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தான். முழுசாக இருந்த பாடங்களை மட்டும் பொறுக்கி பென் டிரைவில் போட்டான். நான்கு நொடி ஆயிற்று. அவர் கையில் வைத்தான்.

"ஆயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சு சார். ஒம்பதாவது பாதிதான் இருக்கு."

"அது இருக்கட்டும்." தலையைச் சாய்த்துக் கேட்டார். "மெஷின் ஓடுதா? போன்ல பேசும்போதெல்லாம் பின்னாடி அந்தச் சத்தம் வந்துட்டே இருக்கும். இப்ப ஒண்ணுமே கேக்கலையே."

"ஓடுது சார். புது டிஸ்க். சத்தம் வராது."

"எப்ப மாத்துனீங்க?"

கூடத்தில் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள்.

"நேத்து" என்றான்.

வாத்தியார் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலிருந்து ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மனைவி கதவருகே வந்து, அக்காவை எடுத்துப்போக வண்டி வந்துவிட்டது என்றாள். அவன் மெஷினுக்கு ஷட்டவுன் கொடுத்துவிட்டு, வாத்தியாருக்குக் கை கொடுக்க எழுந்தான். அவன் எழுவதற்குள் திரை அணைந்துவிட்டது.