மூன்றாம் அடித்தளம்

நூலகக் கட்டடத்துக்கு இரண்டு அடித்தளங்கள்தான் உண்டு. முதலாண்டு மாணவன் எமெட் ரௌட்டியோ காணாமல் போனது மூன்றாவதில். இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு அவன் படியிறங்கினான். அன்று ஏரியிலிருந்து வீசிய காற்றில் பல்கலைக்கழகத்தின் கொடிக்கம்பம் சற்று வளைந்தது. அந்த நாளைப் பற்றி வேறு எதையும் யாரும் குறித்து வைக்கவில்லை.

அவனைக் கீழே அனுப்பியவள் கேட்ரி லாக்ஸோ என்ற மூன்றாமாண்டு மாணவி. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் அவள் நூலகத்தின் உதவி மேசையில் உட்கார்ந்தாள். கட்டுரைக்கு எதைப் படிப்பது, எங்கே தேடுவது என்று தெரியாமல் வரும் மாணவர்களுக்கு இன்னொரு மாணவரே வழிகாட்டுகிற மேசை அது. நூலகரிடம் கேட்கக் கூசுகிறவர்கள் தங்கள் வயதுக்காரியிடம் கேட்பார்கள் என்று நூலகர் பிரெண்டா ட்ரோம்ப்லி அதை ஏற்படுத்தியிருந்தார். எமெட் மூன்று முறை மேசையைத் தாண்டிப் போய் நான்காவது முறைதான் நின்றான். அப்பா ரே, மாவட்டச் சாலைகளில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் எமெட். கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த செப்புச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்ததைப் பற்றி ஆறு பக்கம் எழுத வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கேட்ரி பழைய சுரங்க ஆய்வறிக்கை ஒன்றைக் கணினியில் கண்டுபிடித்து, அது இருக்கும் அலமாரியின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். நேராகக் கீழே போ, இரண்டு நிமிட வேலைதான் என்றாள். வரிசையில் இன்னும் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். 443 என்பதை அவள் 448 என்று எழுதியிருந்தாள். அந்த எண்ணில் ஓர் அலமாரி அந்தக் கட்டடத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

மறுநாள் மாலை அறைத்தோழன் புகார் கொடுத்தான். காவலர்கள் வந்து இரண்டு அடித்தளங்களையும் நாயோடு சுற்றினார்கள். நாய் படிக்கட்டு முடிகிற சுவரின் முன்னால் படுத்து, இழுத்த பிறகும் எழவில்லை. மூன்றாம் நாள் காலை, கேட்ரி தன் கணினியில் பழைய தேடலைத் திறந்து பார்த்தபோது 443 என்ற எண்ணைக் கண்டாள். தேடலை அழித்துவிட்டு, அடுத்து வந்த பெண்ணுக்குத் தேனீக்கள் பற்றிய கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளால் எந்த எண்ணையும் நான்கு முறை சரிபார்க்காமல் எழுத முடியவில்லை. யாரிடமும் அவள் எதையும் சொல்லவில்லை.

ரே ரௌட்டியோ வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். திறக்கும்போது வந்து மூடும்போது போனார். மடியில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி ஒன்று தாளில் சுற்றி இருக்கும், பிரிக்கமாட்டார். ஆறாம் நாள் எழுந்து வந்து, தன் மகனை எங்கே அனுப்பினாய் என்று குரலை உயர்த்தாமல் கேட்டார். சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன் என்றாள் கேட்ரி. அவர் தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, மேசைக் கணினியின் சாட்டில் ஒரு செய்தி வந்தது. நேரில் வர முடியாதவர்கள் கைபேசியிலிருந்து கேள்வி அனுப்பும் வழி அது.

“நான் எமெட். 447 வரைக்கும் வந்துட்டேன். இன்னும் போகணுமா? மூணரைக்கு எனக்கு கிளாஸ் இருக்கு.”

அங்கேயே நில் என்று கேட்ரி எழுதினாள். சரி என்று பதில் வந்தது. இங்கே ஒவ்வொரு வரிசை விளக்குக்கும் ஒரு திருகுக் குமிழ் இருக்கிறது, திருகினால் கொஞ்ச நேரம் எரிந்து அணைகிறது, தான் எதையும் தொட்டுக் கெடுக்கவில்லை என்றும் எழுதினான். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் இது வந்தது:

“இங்க இன்னொருத்தங்க இருக்காங்க. அடுத்த வரிசையில திருகுற சத்தம் கேக்குது.”

கேட்ரி எழுந்து ரேயின் முன்னால் போய் நின்றாள். திரையைக் காட்டவில்லை. முதலில் மற்றதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

“நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன் சார். மூணு போட வேண்டிய இடத்துல எட்டு. அன்னிக்கே இல்ல, மூணாம் நாள் தெரிஞ்சுது. தெரிஞ்சும் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

ரே தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். அதன் விளிம்பை ஒரு சுற்று தடவி முடித்தார்.

“அதே நம்பர இன்னொரு தடவ எழுதும்மா.”

கேட்ரி எழுதினாள், பிறகு திரையையும் காட்டினாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு அவர்தான் முதலில் இறங்கினார். சுவர் சுவராகவே இருந்தது. பிரெண்டா ட்ரோம்ப்லி இறங்கினார், அவருக்கும் அப்படியே. கேட்ரி காகிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கியபோது சுவர் இருந்த இடத்தில் படிகள் தொடர்ந்தன. மேலே இருந்த படிகளைப் போலவே ஓரத்தில் ரப்பர் ஒட்டியவை, அதே பச்சைக் கைப்பிடி. ஏன் அவளுக்கு மட்டும் என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றார் ரே. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். பார்த்தால் மேலே ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கீழே வெதுவெதுப்பாக இருந்தது. அலமாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் போயின. அவற்றில் இருந்த புத்தகங்களின் முதுகில் எண்கள் மட்டுமே இருந்தன, பெயர்கள் இல்லை. விளக்கைத் திருகிவிட்டு நடந்தாள். திருகு கடிகாரம் போல டிக்டிக்கென்று ஓடி, நின்று, அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக இருண்டது. தொலைவில் எங்கோ இன்னொரு திருகு ஓடியது. அதற்கும் அப்பால் இன்னொன்று. எமெட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட நினைத்தாள். வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

447ஆம் அலமாரியின் முன்னால், சொன்ன இடத்தில், எமெட் நின்றிருந்தான். பக்கத்தில் அரைக்கைப் பருத்தி கவுன் போட்ட ஒரு பெண் நின்றாள். அவள் பெயர் லொரெய்ன் மாக்கி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு மே மாதம் பறவைகள் பற்றி ஒரு புத்தகம் தேடி இறங்கியவள். மேசையில் இருந்த குமாஸ்தா சொன்ன எண் இன்னும் வரவில்லை என்றும், திரும்பிப் போய்க் கேட்டால் ஒரு எண்ணைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்று தொடர்ந்து நடந்ததாகவும் சொன்னாள். எமெட்டும் அதற்காகத்தான் நடந்திருந்தான்.

புத்தகம் எந்தப் பக்கம் என்று இருவரும் கேட்டார்கள். தெரியாது என்றாள் கேட்ரி. அந்த மேசையில் உட்கார்ந்த இரண்டு வருடங்களில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நான் கொடுத்த எண் தப்பு, இப்போது மேலே போகலாம் என்றாள். மூவரும் கைகோத்துக்கொண்டு, எண்களை உரக்கப் படித்தபடி வந்த வழியே திரும்பி நடந்தார்கள். எண் அழிந்திருந்த இடங்களில் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்களே தவிர ஊகிக்கவில்லை. பின்னால் திருகுகள் ஓடிக்கொண்டே இருந்தன.

கேட்ரியின் கைக்கடிகாரப்படி இருபது நிமிடம் ஆகியிருந்தது. மேலே நான்கு நாள். ரே அதே படியில் உட்கார்ந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. மகனைப் பார்த்ததும் எழ முயன்றார், கால் மரத்துப்போயிருந்ததால் முடியவில்லை. கிளாஸ் போச்சு என்றான் எமெட். பரவாயில்லை என்றார் ரே. கணிதத் துறையினர் அந்தத் தளத்தின் நேரத்தைக் கணக்கிட முயன்று, ஆளுக்கு ஆள் ஒரு விடை வந்ததால் கைவிட்டார்கள்.

லொரெய்னின் வீட்டில் எஞ்சியிருந்தது தங்கை டார்லீன் மட்டுமே. அறுபத்தெட்டு வயது. தகவல் கிடைத்ததும் பனியில் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து, பத்தொன்பது வயது அக்காவின் முன்னால் கைப்பையை மார்போடு பிடித்தபடி நின்றார்.

“அம்மா அன்னிக்கு ராத்திரி பூரா அடுப்ப அணைக்கவே இல்ல, அக்கா.”

லொரெய்ன் அவரது நரைத்த தலையைத் தொட்டாள்.

“உன் முடிக்கு என்னடி ஆச்சு?”

இருவரும் ஒரே காரில் போனார்கள். எமெட் கட்டுரையை இரண்டு வாரம் தாமதமாகக் கொடுத்து, சுமாரான மதிப்பெண் வாங்கினான். அடுத்த இலையுதிர் பருவத்தில் உதவி மேசையில் சேர்ந்தான். கட்டடப் பொறியாளர் மூன்றாம் அடித்தளத்தை வரைபடத்தில் சேர்த்து, படி முடியும் இடத்தில் வெளியேறும் வழிப் பலகை ஒன்றை மாட்டினார். தொலைந்தவர்களைத் தேடி இறங்குகிறவர்களில், தப்பான எண்ணைக் கொடுத்து, அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டுமே படிகள் திறக்கின்றன என்பது காலப்போக்கில் தெரியவந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மேசையில் பஞ்சமில்லை.

கேட்ரி படிப்பு முடித்துப் போவதற்குள் ஒன்பது பேரை மேலே கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். பயம் குறையும் என்று பிரெண்டா சொன்னது நடக்கவில்லை. இப்போதும் வியாழக்கிழமை பிற்பகல்களில் இரண்டு மாணவர்கள் இறங்குகிறார்கள். போகும்போது தோளில் நான்கைந்து கம்பளிக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். கீழே இருப்பவர்கள் எந்தப் பருவத்தில் வந்தவர்கள் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும், வெளியே பெரும்பாலும் பனி.