கறாரின் பேரம்

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் கறார். பசை விற்பவரோ காகிதம் விற்பவரோ, அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் அழாத குறையாகத்தான் எழுந்து போவார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அதையும் விலையில் கழித்துவிடுவாரோ என்று பயந்து பாதிப் பேர் குடிப்பதில்லை.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனை வந்தது. ஆர்டர், சரக்கு, சம்பளம் எல்லாம் ஓடுகிற சாப்ட்வேரின் சந்தாவை நாற்பது சதவீதம் ஏற்றப்போவதாக அதை விற்கும் கம்பெனி மெயில் அனுப்பியது. 'உங்கள் வளர்ச்சியில் இன்னும் நெருக்கமாகத் துணை நிற்பதற்காக' என்று காரணம் வேறு. அவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கிறவர்களின் கை எங்கே போகும் என்று கூட்டமான பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்.

முதலாளி எல்லோரையும் கூட்டினார். "சாப்ட்வேர்காரன் ஏத்தினா அந்தப் பணத்துக்கு நான் எங்க போவேன்? இந்த வருஷம் உங்க இன்கிரிமென்ட்ல கைவைக்க வேண்டியதுதான். கறார் பேசி இறக்கிட்டார்னா உங்களுக்கு முழுசா உண்டு." வாசலில் நின்ற தன் புதுக் காரைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

எல்லோரும் கறாரைப் பார்த்தார்கள். கணக்குப் பார்க்கும் அம்மா மட்டும் வாயைத் திறந்தார். "சார், பையன் காலேஜ் ஃபீஸுக்கு இதைத்தான் நம்பியிருக்கேன்."

"விடுங்கம்மா. நாப்பதுன்னு வருவான், நாலுன்னு சொல்லிட்டுப் போவான்."

சும்மா சொல்லவில்லை. மூன்று வாரம் மனிதர் ஊண் உறக்கம் இல்லாமல் தயாரானார். போட்டிக் கம்பெனிகளிடம் விலை வாங்கினார். சாப்ட்வேருக்கு ஆளுக்கு ஒரு சீட் என்று காசு கட்டும் இடங்களில் எத்தனை காலி என்று தோண்டினார். வேலையை விட்டுப் போனவர்கள், வேலைக்கே வராதவர்கள், நாலு வருஷம் முன்பு காலமான முதலாளியின் அப்பா என்று ஏகப்பட்ட பேருக்கு மாதாமாதம் சந்தா போய்க்கொண்டிருந்தது. அப்பா பெயரை நீக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையாம். கறார் அதையும் எழுதிக்கொண்டார்.

பேச்சுவார்த்தை நாள் வந்தது. மீட்டிங் அறையில் கணக்கம்மா காகிதங்களோடு பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் விற்பனை மேலாளரின் முகம் தெரிந்தது.

"மாமா! நீங்களா?"

கறாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. போன மாதம் புதுக் கம்பெனிக்கு மாறிவிட்டார் என்று மகள் சொன்னபோது, சம்பளம் எவ்வளவு ஏறியது என்று கேட்ட மனிதர், கம்பெனி எது என்று கேட்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளே, வாங்க" என்று எழுந்து நின்றார். எதிர்ப்பக்கத் திரையில் அவருடைய தொப்பை மட்டும் தெரிந்திருக்கும்.

கல்யாணத்தில் ஹால்காரரிலிருந்து பூக்காரர் வரை அவர் பேரம் பேசியதைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். மகள் அழுதாள். "என் புகுந்த வீட்டு ஆளுங்ககிட்ட இனி எதுக்கும் பேரம் பேச மாட்டேன்னு சொல்லுப்பா" என்று கையைப் பிடித்து வாக்கு வாங்கினாள். அந்த வாக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளை விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நன்றாகவே காத்திருந்தார். கணக்கம்மா காலி இடங்களின் பட்டியலை மெதுவாக முன்னால் தள்ளினார். கறார் அதைக் குப்புறக் கவிழ்த்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளே. பொண்ணு நல்லா இருக்காளா?"

நாற்பது சதவீதம், மூன்று வருஷம், காலி இடங்கள் உட்பட. காலமானவருக்கும் புதுப்பித்தாயிற்று. மூன்று வருஷத்துக்கு மேற்கொண்டு ஏறாது என்று எழுதி வாங்கியதை முதலாளியிடம் பெரிய வெற்றியாகச் சொன்னார். முதலாளி கைகுலுக்கினார். சொன்னபடியே இன்கிரிமென்ட்டில் கைவைத்தார். கணக்கம்மா கறாரைத் திட்டவில்லை. "மாப்பிள்ளை லட்சணமா இருக்கார் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு தோல் சோஃபா கிடந்தது. கறார் கண்ணாலேயே விலை போட்டார். தலை சுற்றியது.

"எங்க வாங்கினீங்க மாப்பிள்ளே? பேசிக் குறைச்சீங்களா?"

"ஓ, பேசாம இருப்பேனா மாமா? கேட்டாத்தானே இறங்குவான்." மாப்பிள்ளை சிரித்தார். "எங்க கம்பெனியிலயும் அப்படித்தான். முப்பது பர்சன்ட் வரைக்கும் தள்ளுபடி தரலாம்னு எனக்கு அனுமதி உண்டு. காலி சீட்டையும் கழிச்சுக்கலாம். ஆனா வாடிக்கையாளர் வாயால கேக்கணும். அன்னைக்கு உங்களுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா? பேரத்துல புலின்னு இவ சொல்லியிருந்தா. நீங்க பொண்ணை விசாரிச்சீங்க."

கறார் சோஃபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுபடியே குடுக்காம முடிச்ச ஒரே ஆள் நான்தானாம். கமிஷனை அள்ளிக் குடுத்துட்டாங்க." மாப்பிள்ளை பாசத்தோடு அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். "ஏன் நிக்கறீங்க? உக்காருங்க மாமா. இது உங்க ஆபீஸ் வாங்கிக் குடுத்த சோஃபாதான்."